தேர்ட் பார்ட்டி மட்டும் போதுமா? எக்ஸ்ட்ரா லயபிலிட்டி கவர் யாருக்குத் தேவை? பாலிசியில் முதலில் பார்க்க வேண்டியது என்ன?

"உங்க பைக் இன்ஷூரன்ஸ் முடியப் போகுது, இன்னைக்கே ரினியூ பண்ணுங்க" என்று மெசேஜ் வரும். லிங்க்கைத் தட்டினால் ஒரு பக்கம் திறக்கும். தேர்ட் பார்ட்டி மட்டும் என்றால் ஒரு விலை, காம்ப்ரிஹென்சிவ் என்றால் அதைவிடக் கூடுதலாக ஒரு விலை. அதற்குக் கீழே வரிசையாகக் குட்டிக் குட்டி டிக் பாக்ஸ்கள். ஓனர் டிரைவர் பி.ஏ., பின்னால் உட்காருபவருக்குக் கவர், ஜீரோ டெப் என்று போய்க்கொண்டே இருக்கும். நம்மில் பலர் என்ன செய்வோம்? எது விலை குறைவோ அதைத் தேர்வு செய்து, எல்லா டிக்கையும் எடுத்துவிட்டு, பணத்தைக் கட்டிட்டு வேலையைப் பார்க்கப் போயிடுவோம்.

ஆனால் மனசுக்குள் ஒரு கேள்வி ஓடிக்கிட்டே இருக்கும். நம்ம வண்டி யார் மேலயாவது மோதி, கோர்ட் 40 லட்சம், 50 லட்சம் கட்டச் சொன்னா என்ன பண்றது? இந்த இன்ஷூரன்ஸ் போதுமா, இல்ல எக்ஸ்ட்ராவா ஏதாவது எடுக்கணுமா?

இதில் வேடிக்கை என்னன்னா, எல்லோரும் பயப்படுகிற அந்த 50 லட்சத்துக்கு பெரும்பாலும் ஏற்கெனவே கவர் இருக்கு. யாரும் பயப்படாத சில இடங்களில்தான் ஓட்டை இருக்கு. எங்கெங்கே என்று பார்க்கலாம் வாங்க.

714 ரூபாயில் என்ன கிடைக்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 146-வது பிரிவுப்படி, பொது இடத்தில் ஓடும் வண்டிக்குத் தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் கட்டாயம். இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம் அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் சேர்த்து. இரண்டாவது முறை பிடிபட்டால் அபராதம் 4,000 ரூபாய்.

தேர்ட் பார்ட்டி என்றால் யார்? பாலிசி எடுத்த நீங்கள் முதல் ஆள். இன்ஷூரன்ஸ் கம்பெனி இரண்டாவது ஆள். உங்கள் வண்டியால் பாதிக்கப்படும் வெளியாள்தான் மூன்றாவது ஆள். ரோட்டைக் கடக்கும் பாட்டி, எதிரே வரும் ஆட்டோக்காரர், பஸ் ஸ்டாப்பில் நிற்கும் மாணவர் என யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். உங்களுக்கு அடிபட்டாலோ உங்கள் வண்டி நொறுங்கினாலோ இந்த பாலிசிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இந்த பிரீமியத்தை நிர்ணயிப்பது மத்திய அரசு. 2022 ஜூன் மாதம் அமலுக்கு வந்த கட்டணப்படி, 75 சிசிக்கு மேல் 150 சிசி வரையுள்ள இருசக்கர வாகனத்துக்கு ஆண்டுக்கு 714 ரூபாய். 150 முதல் 350 சிசி வரை 1,366 ரூபாய். 1,000 முதல் 1,500 சிசி வரையுள்ள சொந்தப் பயன்பாட்டுக் காருக்கு 3,416 ரூபாய். ஜி.எஸ்.டி. தனி. எந்தக் கம்பெனியில் வாங்கினாலும் இந்தத் தொகை மாறாது.

இந்த 714 ரூபாய்க்கு, வெளியாளின் உயிரிழப்புக்கும் காயத்துக்கும் தீர்ப்பாயம் எவ்வளவு இழப்பீடு போட்டாலும் கம்பெனி கட்டும். உச்சவரம்பு கிடையாது. 8 லட்சம் என்றாலும் சரி, 1 கோடி என்றாலும் சரி.

அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர் யாராவது உங்களிடம் அம்ப்ரெல்லா பாலிசி பற்றிச் சொல்லியிருக்கலாம். அங்கே கதை வேறு. கார் இன்ஷூரன்ஸ் கொடுக்கும் காயத்துக்கான கவருக்கே வரம்பு உண்டு. டெக்சாஸ் மாநிலத்தில் சட்டம் கேட்கும் குறைந்தபட்சக் கவர் ஒருவருக்கு 30,000 டாலர்தான். ஆஸ்பத்திரி பில் அதைத் தாண்டினால் மிச்சத்துக்கு வண்டி ஓட்டியவரின் வீடு, சேமிப்பு எல்லாம் பதில் சொல்ல வேண்டும். அதனால் அங்கே மேலே ஒரு குடை பிடிக்கிறார்கள், பத்து லட்சம் டாலருக்கு. நம் ஊரில் வெளியாளின் உயிர் விஷயத்தில் குடை ஏற்கெனவே பெரிசு. அங்கே சொல்வதை அப்படியே இங்கே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

50 லட்சம் என்பது மிகையா?

இல்லை. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். உச்ச நீதிமன்றம் 2009-ல் சரளா வர்மா வழக்கிலும், 2017-ல் பிரணய் சேதி வழக்கிலும் கொடுத்த சூத்திரத்தைத்தான் தீர்ப்பாயங்கள் பின்பற்றுகின்றன.

32 வயதுள்ள ஒருவர், சொந்தமாக மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாத வருமானம் 25,000 ரூபாய். மனைவி, இரண்டு குழந்தைகள், அம்மா என நான்கு பேர் அவரை நம்பி இருக்கிறார்கள். உங்கள் வண்டி மோதி அவர் இறந்துவிடுகிறார்.

சுயதொழில் செய்பவர், 40 வயதுக்குக் கீழ் என்பதால் எதிர்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் கூட்டுவார்கள். 35,000 ஆகிவிட்டது. நம்பியிருப்பவர்கள் நான்கு முதல் ஆறு பேர் என்றால், அவருடைய சொந்தச் செலவுக்கு என்று நான்கில் ஒரு பங்கைக் கழிப்பார்கள். மிச்சம் 26,250. ஆண்டுக்கு 3,15,000. 31 முதல் 35 வயது வரை உள்ளவர்களுக்குப் பெருக்கும் எண் 16. பெருக்கினால் 50,40,000 ரூபாய்.

ஈமச்சடங்குச் செலவு, குடும்பத்தார் துணையை இழந்ததற்கான தொகை, வட்டி எல்லாம் இதற்கு மேல். ஐ.டி. கம்பெனியில் வேலை பார்ப்பவர் என்றால் தொகை கோடியைத் தொடுவதும் உண்டு. நிரந்தர ஊனம் என்றாலும் ஏறக்குறைய இதே வழியில்தான் கணக்கு போகும், கூடவே மருத்துவச் செலவும் சேரும்.

பாலிசி உயிரோடு இருந்தால் இதெல்லாம் கம்பெனியின் கவலை. முந்தின நாள் நள்ளிரவோடு முடிந்துவிட்டது என்றால் முழுத்தொகையும் வண்டி ஓனர் தலையில். ஒரு நாள்தானே என்று கோர்ட் விட்டுவிடாது.

இங்கே ஒரு தப்பான நம்பிக்கையையும் சொல்லியாக வேண்டும். "90 நாள் டைம் இருக்கு சார், மெதுவா ரினியூ பண்ணிக்கலாம்" என்று நிறைய பேர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த 90 நாள், கிளெய்ம் எதுவும் வாங்காததற்குக் கிடைக்கும் நோ கிளெய்ம் போனஸைக் காப்பாற்றிக்கொள்வதற்கான அவகாசம் மட்டும்தான். அந்த 90 நாளில் விபத்து நடந்தால் ஒரு ரூபாய் கூட வராது. பாலிசி காப்பியில் எந்தத் தேதி, எந்த மணியில் ஆரம்பிக்கிறது என்று அச்சடித்திருப்பார்கள். மோதிய பிறகு அவசர அவசரமாக ஆன்லைனில் எடுக்கும் பாலிசி அந்த விபத்துக்கு உதவாது.

பின்னாடி உட்கார்ந்திருப்பது யார்?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

நம் ஊரில் பைக் என்பது குடும்ப வண்டி. மனைவி, அம்மா, ஸ்கூல் முடிந்து வரும் பிள்ளை, லிஃப்ட் கேட்ட ஆபீஸ் நண்பர் என்று பின் சீட் காலியாக இருப்பதே அபூர்வம். அவர்களுக்கு அடிபட்டால் தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் கொடுக்குமா?

எதிரே வந்த வண்டி மீது தவறு என்றால் பிரச்னை இல்லை. அந்த வண்டிக்கு அவர்கள் வெளியாள், அதன் இன்ஷூரன்ஸில் இழப்பீடு கேட்கலாம். நீங்களே பள்ளத்தில் விட்டோ, நாய் குறுக்கே வந்து பிரேக் அடித்தோ விழுந்தால்? உங்கள் பாலிசியைத்தான் கேட்க வேண்டும். அது வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசியாக இருந்தால் பின்னால் அமர்ந்து சென்றவருக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2006-லேயே திலக் சிங் வழக்கில் சொல்லிவிட்டது. காம்ப்ரிஹென்சிவ், அதாவது நம் ஆட்கள் ஃபுல் இன்ஷூரன்ஸ் என்று சொல்லும் பேக்கேஜ் பாலிசி இருந்தால் பின்னால் உட்கார்ந்தவரும் காரில் உட்கார்ந்து வந்தவர்களும் கவரில் வருவார்கள் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2009 நவம்பரில் சுற்றறிக்கை விட்டது. தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் போன பாலகிருஷ்ணன் வழக்கிலும் 2012-ல் இந்த வேறுபாடு உறுதியானது.

இதனால் என்ன ஆகும் என்பதற்கு ஈரோடு வழக்கு ஒன்று உதாரணம். கார் விபத்து ஒன்றில் தீர்ப்பாயம் 14.65 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. எங்கள் பாலிசி தேர்ட் பார்ட்டி மட்டும்தான், காருக்குள் இருந்தவர்களுக்கு அது பொருந்தாது என்று கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போனது. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்று இழப்பீட்டை ரத்து செய்தது. கூடவே, இனி புது வண்டிகளுக்கு 5 ஆண்டு பம்பர் டு பம்பர் இன்ஷூரன்ஸ் கட்டாயம் என்றும் உத்தரவு போட்டது. டிவி விவாதமெல்லாம் நடந்தது, ஞாபகம் இருக்கும். இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் நடைமுறைச் சிக்கலைச் சொன்னதால் அடுத்த மாதமே அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. கட்டாயம் போய்விட்டது, ஓட்டை அப்படியே இருக்கு.

இன்னொரு சிக்கலும் இருக்கு. கோவையைச் சேர்ந்த எலும்பு முறிவு மருத்துவர் ராஜசேகரன், சாலைப் பாதுகாப்புக்காகப் போட்ட பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018-ல் ஒரு உத்தரவு கொடுத்தது. அதன்படி 2018 செப்டம்பர் முதல் புது பைக் வாங்கும்போதே 5 ஆண்டுக்கும், புது கார் என்றால் 3 ஆண்டுக்கும் தேர்ட் பார்ட்டி எடுத்தாக வேண்டும். இன்ஷூரன்ஸே இல்லாமல் ஓடும் வண்டிகளைக் குறைக்க வந்த நல்ல உத்தரவு. ஆனால் ஷோரூமில் பெரும்பாலும் 5 ஆண்டு தேர்ட் பார்ட்டியோடு, சொந்த வண்டி சேதத்துக்கான ஓன் டேமேஜ் கவரை 1 ஆண்டுக்கு மட்டும்தான் சேர்த்துக் கொடுப்பார்கள். நாம் என்ன நினைத்துக்கொள்வோம்? "அஞ்சு வருஷத்துக்கு இன்ஷூரன்ஸ் இருக்கு, கவலை இல்லை." முதல் ஆண்டு முடிந்ததுமே ஓன் டேமேஜ் போய்விடும். மிச்சம் இருப்பது தேர்ட் பார்ட்டி மட்டும்.

இதை எழுதும்போது எங்க வீட்டு ஸ்கூட்டர் பாலிசியை எடுத்துப் பார்த்தேன். ஓன் டேமேஜ் முடிந்து 14 மாசம் ஆகியிருந்தது. அம்மாவைத் தினமும் அதில்தான் ரயில்வே ஸ்டேஷனில் விடுகிறேன்.

2019 செப்டம்பர் முதல் ஓன் டேமேஜை மட்டும் தனியாகவும் வாங்க முடியும். தேர்ட் பார்ட்டி ஒரு கம்பெனி, ஓன் டேமேஜ் வேறு கம்பெனி என்று வைத்துக்கொள்ளலாம். அப்படி இரண்டு இடத்தில் வாங்கினால், பின்னால் உட்காருபவருக்கான பொறுப்பை எந்த பாலிசி ஏற்கிறது என்று மெயில் போட்டு எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. போனில் "எல்லாம் கவர் ஆயிடும் சார்" என்று சொல்வது கோர்ட்டில் நிற்காது.

கம்பெனி கட்டிவிட்டு உங்களிடம் வசூலிக்கும் கேஸ்கள்

பாலிசி இருக்கு, வெளியாளுக்குத்தான் அடிபட்டது, ஆனாலும் பணம் உங்கள் கையிலிருந்து போகலாம். லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டினார் என்றால் கம்பெனி முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டு, பிறகு ஓனரிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம் என்பது 2004 ஸ்வரண் சிங் தீர்ப்பிலிருந்து வழக்கத்தில் இருக்கும் முறை. அதற்காகக் கம்பெனி தனியாக சிவில் வழக்குப் போட வேண்டிய அவசியம்கூட இல்லை. குடித்துவிட்டு ஓட்டியதையும் 2019 சட்டத் திருத்தம் கம்பெனியின் எதிர்வாதங்களில் ஒன்றாகச் சேர்த்துவிட்டது.

பிளஸ் டூ படிக்கும் பையனிடம் சாவியைக் கொடுப்பது இதில் மோசமான ரகம். 199ஏ பிரிவுப்படி பெற்றோருக்கு அல்லது வண்டி ஓனருக்கு 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. இழப்பீட்டுச் சுமை தனி. எந்த எக்ஸ்ட்ரா கவரும் இதற்கு மருந்து கிடையாது.

அடுத்தது விற்ற வண்டி. எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு, ஃபார்ம் 29, 30-ல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்துவிடுவோம். பெயர் மாறியதா என்று யாரும் பார்ப்பதில்லை. ஆர்.சி. புக்கில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டத்தின் கண்ணில் ஓனர் என்று 2018-ல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தக் கார் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கை என்று பலமுறை மாறியிருந்தது. ஆனாலும் பொறுப்பு பதிவில் இருந்த முதல் ஆள் மீதே விழுந்தது. வாங்கியவர் இன்ஷூரன்ஸ் கட்டாமல் ஓட்டி யார் மீதாவது மோதினால் சம்மன் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். விற்ற 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டியது விற்றவரின் கடமை. எம்பரிவாஹன் செயலியில் பழைய வண்டி நம்பரைப் போட்டால் இப்போது யார் பெயரில் இருக்கு என்று கொஞ்சம் புரிந்துவிடும், பெயரில் சில எழுத்துகளை மறைத்துக் காட்டுவார்கள். இன்னைக்கே பாருங்க.

"மச்சான், வண்டி குடுடா, டீக்கடை வரைக்கும் போயிட்டு வந்துடுறேன்." லைசென்ஸ் உள்ள நண்பர் என்றால் வெளியாளுக்கான கவர் பாதிக்காது. ஆனால் அந்த நண்பரே தடுமாறி விழுந்து இறந்தால்? வண்டியைக் கடன் வாங்கியவர் ஓனரின் இடத்தில் நிற்கிறார், அவர் வெளியாள் இல்லை என்பதுதான் உச்ச நீதிமன்றத்தின் பார்வை. ஓனருக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு ஓனருக்கு மட்டும்தான். நண்பரின் குடும்பத்துக்கு இந்த பாலிசியிலிருந்து எதுவும் கிடைக்காமல் போகலாம்.

சொகுசுக் காரில் இடித்தால்?

மீம்ஸ்களில் அதிகம் வரும் பயம் இது. பொருள் சேதத்துக்கு உச்சவரம்பு உண்டு என்பது உண்மைதான். கார் பாலிசியில் 7.5 லட்சம், இருசக்கர வாகனத்தில் 1 லட்சம் என்பது வழக்கமான அளவு. அதற்கு மேல் போனால் உங்கள் பொறுப்பு. ஆனால் விலை உயர்ந்த கார் வைத்திருப்பவர் பெரும்பாலும் தன் சொந்த இன்ஷூரன்ஸிலேயே ரிப்பேர் செய்துகொள்வார் என்பதால், இதில் கோர்ட் வரை போகும் வழக்குகள் குறைவு.

ஒரு டிக் பாக்ஸை மட்டும் கவனியுங்கள். பொருள் சேதக் கவரை 6,000 ரூபாயாகக் குறைத்துக்கொண்டால் பிரீமியத்தில் பைக்குக்கு 50 ரூபாய், காருக்கு 100 ரூபாய் தள்ளுபடி என்று ஒரு வசதி இருக்கிறது. 100 ரூபாய்க்காக 7.5 லட்சத்தை விட்டுக்கொடுப்பது லாபமா என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். இன்றைக்கு ஒரு காரின் ஹெட்லைட்டே 6,000 ரூபாயைத் தாண்டும்.

எந்தெந்த டிக் வேண்டும்?

ஓனர் டிரைவருக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு 15 லட்சம் ரூபாய்க்கானது. வண்டியை ஓட்டிய நீங்களே விழுந்து இறந்தால் அல்லது நிரந்தர ஊனமானால் கிடைக்கும் தொகை. விபத்துக்கு உங்கள் தவறே காரணம் என்றால் தீர்ப்பாயத்தில் உங்கள் குடும்பத்துக்கு இழப்பீடு கிடைப்பது கடினம், அப்போது கையில் இருப்பது இது ஒன்றுதான். வீட்டில் இரண்டு மூன்று வண்டி உங்கள் பெயரில் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கட்ட வேண்டாம். ஏற்கெனவே 15 லட்சத்துக்கு விபத்துக் காப்பீடு இருந்தால் அதைச் சொல்லி இதைத் தவிர்க்கலாம். 2019 ஜனவரி முதல் இந்த வசதி இருக்கு.

பின்னால் உட்காருபவருக்கான விபத்துக் கவர் சின்னத் தொகைதான். பைக்கில் ஒருவருக்கு 1 லட்சம் வரை, காரில் 2 லட்சம் வரை என்பது வழக்கமான வரம்பு. 50 லட்சம் கணக்குக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை என்று தோன்றும். யார் மீது தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லாமல் கிடைக்கும் பணம் என்பதால் எடுத்து வைப்பதில் தப்பில்லை. ஆனால் இதை எடுத்துவிட்டு ஓன் டேமேஜை விட்டுவிடாதீர்கள்.

காருக்குச் சம்பளத்துக்கு டிரைவர் வைத்திருப்பவர்கள், அடிக்கடி ஆக்டிங் டிரைவர் கூப்பிடுபவர்கள், சம்பள டிரைவருக்கான லயபிலிட்டி என்ற டிக்கைப் போட்டுவிடுங்கள். சுமார் 50 ரூபாய். மற்றபடி ஜீரோ டெப், இன்ஜின் கவர், டயர் கவர் எல்லாம் உங்கள் வண்டிக்கானவை. உங்கள் மீது விழும் பொறுப்புக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. பட்ஜெட் இடித்தால் அவற்றைக் குறைக்கலாம்.

நம்பர் பிளேட் இல்லாத எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்கள் தெருவுக்குத் தெரு ஓடுகின்றன. 250 வாட்டுக்குக் குறைவான மோட்டார், மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவான வேகம் என்றால் சட்டப்படி அது மோட்டார் வாகனமே இல்லை. பதிவும் வேண்டாம், இன்ஷூரன்ஸும் கட்டாயமில்லை. அதில் போகும் உங்கள் அப்பாவோ பிள்ளையோ ஒரு முதியவரை இடித்துவிட்டால் பின்னால் நிற்க எந்தக் கம்பெனியும் கிடையாது.

வீட்டுக்கு எடுக்கும் பெர்சனல் லயபிலிட்டி

வீட்டு இன்ஷூரன்ஸோடு சேர்த்து ஆட் ஆனாகக் கிடைப்பது இது. 2021 ஏப்ரல் முதல் எல்லாக் கம்பெனிகளும் கொடுக்கும் பாரத் கிருஹ ரக்ஷா என்ற பொதுவான வீட்டு பாலிசி, கட்டடத்துக்கும் உள்ளே இருக்கும் சாமான்களுக்கும்தான். அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கு நீங்கள் கட்ட வேண்டிய பணம் அதில் வராது. அதற்கு இந்த ஆட் ஆனைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

எதற்குப் பயன்படும்? மூன்றாவது மாடி பால்கனியிலிருந்து பூந்தொட்டி விழுந்து கீழே போனவருக்கு மண்டை உடைகிறது. உங்கள் பாத்ரூம் குழாய் உடைந்து கீழ் வீட்டுக்காரரின் புது இன்டீரியர் நாசமாகிறது. வீட்டுக்கு வந்த விருந்தாளி மாடிப்படியில் வழுக்கி விழுகிறார். இப்படிப்பட்டவற்றுக்கு. நாய் வளர்ப்பவர்கள் கட்டாயம் யோசிக்க வேண்டும். 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்கு பூங்காவில் ராட்வைலர் நாய்கள் 5 வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறிய சம்பவம் பலருக்கு நினைவிருக்கும். செல்லப்பிராணிக்கான இன்ஷூரன்ஸ் சிலவற்றில் அடுத்தவரைக் கடித்தால் வரும் செலவுக்கான கவரும் இருக்கும். எந்த இனங்களை ஏற்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டு வேலைக்கு வருபவருக்கு அடிபட்டால் என்பதற்கு இன்னொரு தனிக் கவர் உண்டு.

இதை வாங்கும்போது பலர் செய்யும் தவறு ஒன்று இருக்கிறது. பெர்சனல் லயபிலிட்டி எடுத்துவிட்டால் வண்டி விஷயத்தில் மேலே சொன்ன ஓட்டைகளும் அடைபட்டுவிடும் என்று நினைப்பது. அடைபடாது. மோட்டார் வாகனத்தால் வரும் பொறுப்பு இந்த வகை பாலிசிகளில் விலக்கப்பட்டிருக்கும். வேண்டுமென்றே செய்தது, சொந்தக் குடும்பத்தாருக்கு நடந்தது, வீட்டில் நடத்தும் தொழிலால் வந்தது ஆகியவையும் வழக்கமாக விலக்குப் பட்டியலில் இருக்கும். மாடியில் டியூஷன் எடுப்பவர், வீட்டிலேயே கேட்டரிங் செய்பவர் எல்லாம் "தொழில்" கணக்கில் போய்விடுவார்கள்.

ஆக, வாடகை வீட்டில் தனியாக இருக்கும், நாய் இல்லாத, பைக் மட்டும் வைத்திருக்கும் 25 வயதுக்காரர் இதற்குச் செலவழிப்பதைவிட அந்தப் பணத்தை ஓன் டேமேஜில் போடலாம் என்பது என் கருத்து. அடுக்குமாடியில் சொந்த வீடு, வாடகைக்கு விட்ட இன்னொரு வீடு, பெரிய இனத்து நாய் என்று இருப்பவர்கள் விலை கேட்டுப் பார்ப்பது நியாயம்.

கவர் இல்லாமல் தீர்ப்பு வந்தால் என்ன நடக்கும்?

"என்கிட்ட எதுவும் இல்லை, கோர்ட் என்ன பண்ணிடும்?" என்று கேட்பவர்களும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 174-வது பிரிவுப்படி, தீர்ப்பாயம் கலெக்டருக்குச் சான்று அனுப்பினால், நில வரி பாக்கியை வசூலிப்பது போலவே அந்தத் தொகையை வசூலிக்கலாம். வீடு, மனை, நிலம் ஜப்திக்கு வரும். சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும், மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கும் போக மற்றதைப் பிடிக்க முடியும். பி.எஃப். பணத்தில் கை வைக்க முடியாது. போலீஸ் போடும் கிரிமினல் வழக்கு இதற்கெல்லாம் தனி. அலட்சியத்தால் மரணம் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா 106-வது பிரிவில் 5 ஆண்டு வரை சிறை. அந்தத் தண்டனையை எந்த இன்ஷூரன்ஸும் ஏற்காது.

ஓன் டேமேஜ் முடிந்து நாளாகிவிட்டதா? புதுப்பிக்கும்போது கம்பெனி வண்டியை ஆய்வு செய்யக் கேட்கலாம். பல கம்பெனிகளில் வண்டியைச் சுற்றி மொபைலில் வீடியோ எடுத்து அனுப்பினாலே போதும். நம்பர் பிளேட், சேசிஸ் நம்பர் தெளிவாகத் தெரிய வேண்டும், வெளிச்சம் இருக்கும்போது எடுங்கள். 90 நாள் தாண்டியிருந்தால் நோ கிளெய்ம் போனஸ் போயிருக்கும். பிரீமியம் கொஞ்சம் கூடுதலாக வரும்.